வீட்டுக்குள் ஒரு நன்றியுரை

காவேரிப் பாலத்தில் கிடந்த மணலில் மகளின் ஸ்கூட்டி சறுக்கிச் சில மாதங்கள் ஆகின்றன. மணிக்கட்டில் சிறு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, அவள் கை பழையபடி ஆகிவிட்டது. நான்தான் ஆகவில்லை. போன் அடித்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. பதறி எடுத்தால், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்கிற என் குரலில் அப்படியொரு பாசம் வழிகிறது.

தூக்கம் கெட்டதால் தில்லை நகரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "என்ன ஆகியிருக்கும்னே யோசிக்கிறீங்க சார். இருக்கறத நெனச்சுப் பாருங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்லிப் பழகுங்க" என்றார்.

நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? அது மைக் முன்னால் சொல்லும் வார்த்தை. என் மனைவியின் சமையலுக்கு நான் இதுவரை தந்த உச்சபட்சப் பாராட்டு, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து."

மறுநாள் காலை அவள் காபியை நீட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நன்றி" என்றேன்.

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "நன்றியுரை முடிஞ்சுதா? எல்லாரும் எந்திரிங்க, தேசிய கீதம் பாடிட்டுக் கலையலாம்."

"நீ இருக்கியே, அதுக்கும் சேத்துத்தான் சொன்னேன்" என்றேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நன்றியெல்லாம் வேணாம்ப்பா. வண்டிச் சாவியக் குடுங்க. நாளையிலேருந்து நானே ஓட்டிட்டுப் போயிக்கறேன்."

விழுந்த நாளிலிருந்து சாவி என்னிடம்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அவளைக் கல்லூரிக்கு தினமும் நானே கொண்டுபோய் விட்டுவந்தேன். பாலத்தில் டவுன் பஸ்கள் ஹாரனாலேயே என்னைத் திட்டும். "அப்பா, சைக்கிள்காரர் முந்திட்டாரு... இப்ப நடந்து போற ஒரு மாமி முந்தறாங்க" என்று பின்னாலிருந்து அவள் வர்ணனை கொடுப்பாள்.

"குடுத்துடுங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு இவளக் கட்டிக் குடுத்தா, அங்கயும் டிரைவராப் போவீங்களா?"

கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஹெல்மெட் பட்டியை நானே மாட்டிவிட்டேன். "மூச்சு விடணும்ப்பா" என்றாள். "போயிட்டு வரேன்." தெருமுனையில் திரும்பி மறைந்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சற்று நேரத்தில் அதே வண்டிச் சத்தம். "டிபன் பாக்ஸ மறந்துட்டேன்!"

வேறு நாளாக இருந்தால் பொறுப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடந்திருக்கும். அன்று நானே உள்ளே ஓடி எடுத்துவந்தேன்.

"திட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன். கெளம்பு, நேரமாச்சு."

சந்தேகமாகப் பார்த்தபடியே போனாள். காலையிலேயே ஒரு தடவை பத்திரமாக வீடு திரும்பிவிட்டாள். இனி சாயங்காலம் ஒரு தடவை.