காது அடைச்சுதா

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு விழுந்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதை அப்படியே சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்பார்கள். வழியிலேயே மனசு உடைந்துவிடக் கூடாதாம். அம்மா செத்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் மெனக்கெட்டு அம்மாவுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கினேன். வாசலில் சாமியானா போட்டிருந்தது. தெருவே பார்க்க, பழப் பையோடு நின்றேன். இனிமேல் எவர் சீரியஸ் என்று சொன்னாலும் நம்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதனால்தான், நான் டெல்லியில் இருந்தபோது அக்கா வீட்டுக்காரர் போன் செய்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்மா, சிதம்பரத்துல ஆஸ்பத்திரில வச்சிருக்கோம், வந்துடு" என்றார். அப்பா போய்விட்டார், வேறென்ன. கேள்வியே கேட்கவில்லை. சரி மாமா என்று வைத்துவிட்டேன்.

நான் விமானத்தில் பணிப்பெண். அன்றைக்கு எனக்கு டியூட்டியே சென்னை விமானத்தில்தான். லீவு கேட்டு அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடப்பதைவிட வேலை பார்த்துக்கொண்டே போனால் சீக்கிரம் போய்விடலாம். கூட இருந்தவர்களிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார்கள். பாத்ரூமில் அழுது முடித்துவிட்டு, மையைச் சரி செய்துகொண்டு, வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். எடுப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்.

அப்பா பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். விமானம் இறங்கியதும் நான் கூப்பிட்டால், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். "காது அடைச்சுதா?" என்பார். எத்தனை வருஷமானாலும் அதே கேள்விதான். இதே வேலையாப்பா உங்களுக்கு என்று எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார்.

சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தபோது காது குப்பென்று அடைத்தது. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், விடவில்லை. ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. அடுத்து இன்னொன்று. உள்ளே காற்றழுத்தம் இறங்குகிறது என்று உடம்புக்கே தெரிந்தது. கேப்டனுக்குச் சொல்ல இன்டர்காம் பக்கம் திரும்புவதற்குள் தலைக்கு மேலே மூடிகள் படபடவென்று திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கின. விமானம் மூக்கைச் சாய்த்துக் கீழே இறங்க ஆரம்பித்தது.

தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு, காலியாக இருந்த சீட்டில் விழுந்து, கைக்குக் கிடைத்த மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். இழுத்தால்தான் அதில் காற்று வரும். அவருடையதையும் நானே இழுத்து மூக்கில் வைத்தேன். கருகின வாடை வந்ததும் நெருப்பு என்று பின்னால் யாரோ அலறினார்கள். ஆக்சிஜன் உண்டாகும்போது அப்படித்தான் வாடை வரும். நெருப்பு இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினேன். எல்லோரும் அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதுமான அளவு கீழே இறங்கியதும் கேப்டன் மாஸ்க்கைக் கழற்றலாம் என்றார். கையில் சின்ன சிலிண்டரை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். உதடு நீலம் பாரித்த ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்தேன். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பயமே இல்லையா என்று ஹிந்தியில் கேட்டாள். எனக்கென்ன பயம்? அப்பாவே போன பிறகு போகட்டுமே என்றுதான் இருந்தது. சென்னைக்குப் போகாமல் நாக்பூரில் இறங்கப் போகிறோம் என்று கேப்டன் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எடுத்துவிடுவார்களே.

இறங்கி, எல்லோரையும் அனுப்பிவிட்டு, முதல் வேலையாக மாமாவைக் கூப்பிட்டேன். எனக்குக் காது இன்னும் விடவில்லை. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. அதனால் கத்தினேன். அவரை ஒரு வார்த்தை பேச விடவில்லை.

"மாமா, எப்ப எடுக்கறீங்க? நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டீங்களா?"

போனைக் காதில் வைத்து அழுத்தினேன். ரொம்ப தூரத்திலிருந்து மாமா குரல் வந்தது.

"ஏம்மா... அப்பா முழிச்சிட்டுதாம்மா இருக்காரு. உன் போனுன்னு ஸ்பீக்கர்ல போட்டு அவுரு பக்கத்துல வச்சேன்."

இந்த ஒரு தடவை மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள், பாவிகள். அப்பா என்று கூப்பிடப் பார்த்தேன். அதற்குள் நீ மொதல்ல வந்து சேரு என்று மாமா போனை வைத்துவிட்டார்.

வேறு விமானம் வந்து, சென்னை போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரி தாண்டியதும் மாமா போன் செய்தார். சிதம்பரம் வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்துவிடு என்றார். செம்மண்டலத்தில் தெரு முனை திரும்பும்போதே சாமியானா தெரிந்தது. நான் கேட்டபடியே எடுக்காமல் வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டிக்கும் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்குள் முகத்தை ஆசை தீரப் பார்க்கலாம் என்று எனக்கு வழி விட்டார்கள்.

அவருக்கு ஒண்ணும் கேக்கலம்மா, அவுரு காதுதான் உனக்குத் தெரியுமே என்றார் மாமா. அக்காவும் அதையே சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருந்த சித்தப்பாவும் அதையே சொன்னார். 'கொஞ்சம் சீரியஸ்' என்பார்களே, அதே குரலில். இருந்தாலும் நம்பினேன். நம்பாமல் எப்படிச் சோறு இறங்கும்?

கருமாதி முடிந்து நான் கிளம்புகிற அன்றைக்கு, அக்காவும் நானும் அப்பாவின் வேட்டி சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நான் வாயே திறக்காமல் இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவுக்கு உன் மேல கோவமே இல்லடி. போன வச்சதும் என்ன சொன்னாரு தெரியுமா? 'பாவம், அவளுக்குக் காது அடைச்சிருக்கு, அதான் கத்துறா'ன்னாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன்.