அவருக்குச் செய்த எட்டு

அவரின் செத்தவீடு அன்று நடந்த மண்டபத்துக்குள் இருந்தவர்களைச் சொல்கிறேன். முன் வரிசையில் அவரின் அண்ணன். பக்கத்தில் அண்ணனின் மனைவி. அவர்களின் பெடியன்கள் இருவர், வளர்ந்தவர்கள், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள். அடுத்த வரிசையில் ஒரு வயதான பெண், தூரத்து ஊரில் இருந்து பஸ்ஸில் வந்தவர். பாதிரியார். பெட்டியைக் கொண்டுவந்த ஆட்கள். கடைசி வரிசையில் நான், என் மனைவி, மகள்.

வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், வெயிலில் நின்றவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவரோடு மேடையில் ஆடியவர்கள் அவர்கள். குடும்பத்து ஆட்கள் மட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அவர் பெண் வேடம் கட்டி ஆடுகிறவர். தலைக்கு மயிர் வைத்து, முகம் பூசி, பாட்டுக்கு வாயசைத்து, சனத்தைச் சிரிக்க வைப்பது. டிராக் குயின் என்பார்கள். சிட்னி கிளப்புகளில் எத்தனையோ வருடம் அதைச் செய்தார். ஆனால் அது எங்களுக்கு முதலில் தெரியாது.

நாங்கள் அவரைக் கண்டது வில்லாவுட் தடுப்பு முகாமில். அகதிகளாகப் படகில் வந்த எங்களை முதலில் ஒரு தீவில் வைத்திருந்து, பிறகு அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. சனிக்கிழமைகளில் வெளியாட்கள் சிலர் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவர் பெரிய உடம்பு, மொட்டைத் தலை. கலர் பென்சில் கொண்டுவந்து பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து படம் கீறுவார்.

மனைவி முதல் நாளே கண்டுவிட்டாள்.

“இஞ்சருங்கோ, அந்த மனிசனுக்குப் புருவத்திலயும் மயிர் இல்லை.”

“அதுக்கு?”

“உது அந்த வருத்தம்தான். கான்சருக்குக் கடும் மருந்து எடுக்கிறார் போல. அப்பிடியிருந்தும் எங்களைப் பாக்க வாறார், பாருங்கோ.”

அதற்குப் பிறகு முகாமில் தரும் அப்பிளையும் பால் பெட்டியையும் அவள் தொடுவதில்லை. சனிக்கிழமைக்கு என்று எடுத்து வைப்பாள். அவர் வந்ததும் கையில் திணிப்பாள். அவரும் ஏன் என்று கேட்காமல் அந்த இடத்திலேயே இருந்து சாப்பிடுவார். நெடுநாள் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள், கொஞ்சம் ஆங்கிலம் பிடிபட்டதும், வருத்தம் இப்போது எப்படி என்று கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. இவள் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் சிரித்த சிரிப்புக்குக் காவலாளி எட்டிப் பார்த்தான்.

பிறகு மகளின் கறுப்புப் பென்சிலை வாங்கினார். புருவம் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, நெற்றியின் நடுவில், இரண்டு வில்லு கீறினார். தலையை ஒரு பக்கம் சரித்தார். மகள் பார்த்துவிட்டு, “மாமி” என்றாள். பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது. அன்றில் இருந்து அவர் புருவம் கீறினால் மாமி, கீறாவிட்டால் மாமா.

எங்களை வெளியே விட்டபோது கையில் தற்காலிக விசா. அந்த விசாவுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். டூங்கபியில் ஒரு வீட்டைத் தன் பெயரில் எடுத்துத் தந்தார். வாடகை நாங்கள் கட்டினோம். கட்டில், மெத்தை, குளிர்ப்பெட்டி எல்லாம் அவரோடு ஆடுகிறவர்கள்தான் தூக்கி வந்தார்கள். மெத்தை கதவால் போகாமல் நிற்க, ஒருவர் நகம் உடைந்துவிட்டது என்று வாசலில் இருந்துவிட்டார். மற்றவர்கள் அவரை மெத்தையோடு சேர்த்து உள்ளே தள்ளினார்கள். எனக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை பிடித்துத் தந்ததும் அவர்தான். இடையில் வேலை செய்யக்கூடாது என்று விசாவில் அடித்துவிட்டார்கள். அந்த மாதங்களில் வாசலில் அரிசியும் பருப்பும் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவரும் தாங்கள் என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மகளுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸுக்குக் காசு கேட்பார்கள் என்ற பயத்தில் அவருக்குப் போன் அடித்தேன். அவர் பரமட்டாவில் மத்தியானச் சாப்பாட்டு ஷோவில் இருந்திருக்கிறார். அப்படியே வந்தார். வெள்ளி நிறச் சட்டை. காரின் கூரையை முட்டும் சிவப்பு முடி. காலில் உயரச் சப்பாத்து. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சப்பாத்தோடு ஓடினார். ஆஸ்பத்திரியில் தாதி அவரை மேலும் கீழும் பார்த்து, பிள்ளைக்கு நீங்கள் யார் என்று கேட்டாள்.

“மாமி” என்றார், தமிழில்.

மாலையில் பக்கத்து வீட்டு அன்ரி வேலியால் மனைவியைக் கூப்பிட்டா.

“ஆர் தங்கச்சி உது, உவ்வளவு உயரத்தில?”

“எங்கட அண்ணை, அன்ரி.”

“அண்ணையோ?”

“ஓம். வேலையால நேரா வந்தவர்.”

அன்ரி அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டா.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் செய்வது ஒன்றுதான். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவுவார். இடுப்பில் என் சாரத்தைக் கட்டுவார். கதிரையில் சாய்ந்து இருந்து, “பசி” என்பார். என் சாரம் அவரின் வயிற்றைச் சுற்றி வராது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிடுவார். மனைவி இரண்டு சாரத்தின் தையலைப் பிரித்து ஒன்றாகத் தைத்தாள். ஒரு பாதி நீலம், மறு பாதி பச்சை. அது அவருக்கு என்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும்.

போன வருடக் கடைசியில் அவருக்கு வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். பிந்திவிட்டது. மருந்து ஏற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அண்ணைக்குப் புருவம் முளைச்சிருக்கு.”

உண்மைதான். மழிப்பதை விட்டிருந்தார். செம்மை கலந்த தடித்த புருவம். அத்தனை வருடத்தில் நாங்கள் அதைக் கண்டது அப்போதுதான். அவர் விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ சொன்னார். அவர் மெதுவாகப் பேசினால் எங்களுக்குப் பிடிபடாது. மகள் சொன்னாள்.

“அவற்ற அப்பாட புருவமாம். அதான் வளரவே விடுறேல்லையாம்.”

பிறகு கன நேரம் பேசினார். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, மாமா சொல்லுறார், செத்த உடன தன்ர அண்ணை வந்து எல்லாத்தையும் எடுத்துச் செய்வாராம். அவர் கூடாத ஆள் இல்லையாம். ஆனா தனக்குத் தெரிஞ்ச தம்பியைத்தான் அனுப்பி வைப்பாராம். அது பரவாயில்லையாம். தன்னோட ஆடுற பெட்டையளுக்கு ஆரும் சாப்பாடு குடுக்க மாட்டினமாம். நீங்கள் குடுக்க வேணுமாம்.”

“பெட்டையளோ?” மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்தத் தடியன்களோ?”

அவரும் சிரித்தார். சிரிக்க நோவது தெரிந்தது.

“ஓம் எண்டு சொல்லு” என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் தெரியும். மகள் சொல்லத் தேவை இருக்கவில்லை.

மண்டபத்தில் பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு. வெறும் முகம். புருவத்தைச் சீவி விட்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து பேசினார். தம்பி சின்னனில் நீச்சல் அடித்தது, நாய் வளர்த்தது. பிறகு எங்களைக் கையால் காட்டி, இந்த அகதிக் குடும்பத்துக்குத் தம்பி எவ்வளவோ செய்தான் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்களை ஏன் உள்ளே விட்டார்கள் என்று அப்போது விளங்கியது. அவரின் வாழ்க்கையில் சபையில் சொல்லக்கூடியது நாங்கள்தான். முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்தார். அவருக்கும் அதே புருவம்.

வெளியே வந்தேன். அவர்கள் இன்னும் நின்றார்கள். அவர்களில் மூத்தவர் பகலில் பஸ் ஓட்டுகிறவர், ஒல்லியான ஆள். அவரிடம் போனேன். எங்கள் ஆட்களில் செத்தவருக்கு எட்டு என்று ஒன்று இருக்கிறது. எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிடுவது. இங்கே எரிக்கவே நாள் போகிறபடியால் எரித்த நாளில் இருந்து எண்ணுகிறோம். இதை எல்லாம் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. நாளைச் சொன்னேன். எங்கள் வீடு என்றேன். சாப்பாடு என்றேன்.

அவர் தன் முகத்தைச் சுற்றி விரலால் வட்டம் காட்டி, எப்படி வர வேண்டும் என்று கேட்டார்.

“பசியோட வாங்கோ” என்று மகளைச் சொல்லச் சொன்னேன்.

எட்டு அன்று மனைவி விடிய எழும்பிவிட்டாள். வென்ட்வேர்த்வில் கடையில் மீனும் கணவாயும் வாழையிலையும் வாங்கி வந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, கணவாய்ப் பிரட்டல், மீன் குழம்பு. வினாகிரி விட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ், அது அவருக்கு வேண்டும். ரோஸ் நிற ஜின் ஒரு போத்தல். பெரிய பானை எங்களிடம் இல்லை. அன்ரியிடம் கேட்டோம். வேலிக்கு மேலால் தந்தா.

“எத்தினை பேர் வருவினம், தங்கச்சி?”

“தெரியாது, அன்ரி.”

“வேற ஆர் வருவினம்? எங்கட ஆக்கள்?”

மனைவி பானையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்ரி வரவில்லை.

படையலுக்கு உடுப்பு வைக்க வேண்டும். ஆண் என்றால் வேட்டி, பெண் என்றால் சேலை. நான் புது வேட்டி வாங்கி வந்திருந்தேன்.

“வேட்டியோ?” என்றாள் மனைவி.

“பின்னை? அவர் ஆம்பிளைதானே. வேலைக்குத்தான் பொம்பிளை. அவரே சொன்னவர்.”

“அண்ணன்காரனும் உதைச் சொல்லித்தானே கோட்டுப் போட்டுவிட்டவர்.”

“அப்ப சேலை வையும்.”

“சேலையும் வேலை உடுப்புத்தானே. செத்த பிறகும் வேலைக்கு அனுப்பிறதே?”

பிறகு குளியலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலமும் பச்சையுமான சாரத்தை எடுத்து வந்து, மடித்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் வேட்டியை உள்ளே கொண்டுபோனேன்.

ஒரு மணிக்கு வரச் சொன்னது. ஒரு மணிக்கு ஒருவரும் இல்லை. மனைவி குசினிக்கும் யன்னலுக்கும் நடந்தாள். “எங்கட சாப்பாட்டுக்கு வருவினமே” என்றாள். “கொஞ்சம் பொறும்” என்றேன். பிறகு கார்கள் வந்தன.

முகம் பூசாமல் வந்தார்கள். கறுப்புச் சேர்ட். மெத்தை தூக்கியவர்கள், அரிசி வைத்தவர்கள், பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. அவராக இருக்கும். கதிரை காணாது. சுவரோடு சுவராக நிலத்தில் இருந்தார்கள். ஒருவருக்கும் புருவம் இல்லை.

மனைவி குசினி வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் அந்த வருத்தம்தான்” என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். அவர் செத்த பிறகு அவள் அழுதது அப்போதுதான். வில்லாவுட்டில் அவள் சொன்னது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மேடையில் அதை அவர் ஒரு கதையாகச் சொல்வாராம். மகள் மொழிபெயர்க்கத் தொடங்கியதுமே பஸ் ஓட்டுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கற்பூரம் கொளுத்தினேன். எல்லோரும் எழும்பி நின்றார்கள். தேவாரம் எனக்கு ஒழுங்காக வராது. தெரிந்த ஒன்றைப் பாதி சொன்னேன். நிறுத்தினதும் பஸ் ஓட்டுகிறவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எங்களில் படையலுக்கு யாரும் கை தட்டுவதில்லை. கற்பூரம் அணையும் வரை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு சாப்பாடு போட்டோம். இலை ஒன்றுதான், அது அவருக்கு. மற்றவர்களுக்குச் சோற்றுக் கோப்பை. ஒருவர் உறைப்பில் கண்ணீர் விட்டார். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு முதுகில் தட்டி, அழுவதாக இருந்தால் ஒழுங்காக அழு, மீனில் பழி போடாதே என்றாராம். மகள் சொன்னாள். இரண்டாம் தரம் கேட்டார்கள். கொடுத்தோம். ஜின் போத்தலை வெறுமையாக்கினார்கள். போகும்போது ஒவ்வொருவராக அந்தச் சாரத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பானையைக் கழுவி அன்ரியின் வேலியில் கவிழ்த்து வைத்தேன். திரும்பி வர மனைவி தொட்டியில் நின்றாள். மகள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தினை பேர் சாப்பிட்டவை?” என்று மனைவி கேட்டாள்.

மகள் கோப்பைகளை எண்ணினாள். இலையையும் சேர்த்தாள்.

இருபத்து மூன்று.