காய்ச்சலே வராத எனக்கு

எனக்குக் காய்ச்சல் வராது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். குரோம்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை. யாராவது தலைவலி, ஜுரம் என்று முனகினால் எரிச்சலாக வரும்.

ஓய்வு பெற்றுப் பொழிச்சலூர் வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஒரு கோடை முடிகிற சமயத்தில் எங்கள் தெருவுக்கு மலேரியா வந்தது. முதலில் என் மாடியில் குடியிருப்பவர்களின் குழந்தைக்கு, பிறகு எதிர் வீட்டில். நலச்சங்கத் தலைவர் பேங்க் மேனேஜராக இருந்தவர். ஒரே நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே தகர ஷெட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. "அவங்கதான் கொண்டு வந்திருக்காங்க. சங்கம் சொன்னா உடனே அனுப்பிடறேன்னு பில்டர் சொல்லிட்டார்" என்று வாட்ஸப் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக எழும்பின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் சித்தாள் வேலை பார்த்தாள். சாயங்காலம் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். அக்கா, தண்ணி, போதும் என்று மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே என்னோடு நன்றாகப் பேசுவாள்.

அந்த வாரம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். தலைவர் அவர்களை நேராக ஷெட்டுக்கு அழைத்துப் போனார். நான் கேட்டைத் திறந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

"தெருவுல எல்லாருக்கும் எடுங்க. முதல்ல எனக்கு எடுங்க."

"உங்களுக்கு என்ன மேடம், காய்ச்சலா?" என்றார் தலைவர்.

"அவளுக்கும்தான் காய்ச்சல் இல்ல. அவகிட்ட எடுக்கச் சொல்றீங்கல்ல?"

வீம்புக்குத்தான் கையை நீட்டினேன். என் ரத்தம் சுத்தம் என்று தெருவுக்கே காட்டி, அந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

சில நாள் கழித்து, ரத்தம் எடுக்க வந்தவர்களில் ஒரு நர்ஸ் என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மைக்ராஸ்கோப்புல பாத்தப்ப ஒண்ணும் தெரியல மேடம். அதைவிட நுணுக்கமா லேப்ல ஒரு டெஸ்ட் பண்ணினோம். அதுல தெரியுது. மலேரியாக் கிருமி இருக்கு, ரொம்பக் கொஞ்சம்."

"தப்பா இருக்கும். எனக்குக் காய்ச்சலே வராது."

"சில பேருக்கு அப்படித்தான். காய்ச்சல் காட்டாம உள்ளேயே இருக்கும்."

"கொஞ்சம்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்களைக் கடிக்கிற கொசு அதை எடுத்துக்கிட்டுப் போகலாம். கொஞ்சமா இருக்கிறதால பரவாதுன்னு சொல்ல முடியாது மேடம்."

"அப்ப மாடிக் குழந்தைக்கு வந்தது என்கிட்ட இருந்தா?"

"யார்கிட்ட இருந்து யாருக்குன்னு இதுல தெரியாது. மாத்திரையை நடுவுல நிறுத்தாம முடிச்சிடுங்க. வேற யாருக்கும் இதைச் சொல்ல மாட்டோம்."

அவர் போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயமில்லை, அவமானம். என்னைக் கேட்காமல் எனக்குள் குடியேறி, வாடகையும் தராமல் சத்தமும் போடாமல் இருந்திருக்கிறது. பிறகு நர்ஸ் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். ஷெட்டைக் காலி செய்துவிடுவார்கள். நான் நல்ல பெயரோடு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே என் மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஞாயிறு காலை தலைவர் வீட்டுப் போர்டிகோவில் கூட்டம். எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான்; வாசலில் தரைக்கடியில் கட்டிய சம்ப்புத் தொட்டியில் நிரப்பிக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சம்ப்பின் இரும்பு மூடியை யார் தூக்குவது என்று, லாரிக் குழாயை உள்ளே இறக்க வசதியாக அதைப் பாதி தள்ளியே வைத்திருப்போம். தலைவர் வீட்டுச் சம்ப்பும் அப்படித்தான் திறந்து கிடந்தது. அதைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு கொசுவைப் பற்றிப் பேசினோம்.

"ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"இருக்கு சார். எனக்கே மலேரியா இருக்கு" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. விமானம் போகும்வரை பேச்சை நிறுத்திவைப்பது, ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பழக்கம். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. சொன்னதை அப்படியே விழுங்கிவிடலாம். ஷெட் வாசலில் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

சத்தம் அடங்கியதும் எழுந்து நின்றேன்.

"எனக்கு மலேரியா சார். காய்ச்சல் இல்ல, ஆனா ரத்தத்துல இருக்கு. கொசு என்கிட்ட இருந்தும் எடுத்துக்கிட்டுப் போகும். ஷெட்டுல இருக்கறவங்களுக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருந்தா எனக்குக் குடுத்த மாதிரி மாத்திரை குடுங்க. காலி பண்ணித்தான் ஆகணும்னா முதல்ல என்னைக் காலி பண்ணுங்க. அதுக்கு முன்னாடி உங்க சம்ப்பை மூடுங்க."

எதிர் வீட்டு அம்மா தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"உங்க விஷயம் வேற மேடம்" என்றார் தலைவர்.

"என்ன வேற சார்?"

அவர் ஏதாவது விமானம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். வரவில்லை. கட்டடம் முடியும்வரை அந்தக் குடும்பம் ஷெட்டில்தான் இருந்தது. நான் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.