சம்பந்தி வீட்டு ஃபியூஸ்

வயரிங் வேலைக்கு வேண்டிய டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் கடையில் கிடைக்கும்; 'முடியாது' என்ற சொல்லை மட்டும் நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடு வீடாக ஏணி ஏறி இறங்கியே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு அலையும் என் சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்து கொடுத்த வேலைக்காக நம்மை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. செய்ய மாட்டேன் என்று சொன்னதை மட்டும் யாரும் மறப்பதில்லை.

அந்தச் சொல்லால் சில வாடிக்கைகள் போயின. போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வருஷம் அது, என் ஒரே மகள் வாணியைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர முடியுமா என்ற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நான் செய்தது அக்கறையா, வெறும் வீம்பா என்று இன்னும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செருப்பு வைத்தியம்

கோலியனூர் போகிற சாலையில் இட்லி மாவு விற்கும் சரோஜா அம்மா, கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பிளக்கில் மூன்று கால்களுக்கு இரண்டுதான் இருந்தன. தடித்த மேல்கால் சுவிட்ச் பெட்டியில் நுழையவில்லையாம். சுத்தியால் தட்டி ஒடித்துவிட்டார். ஷாக்குக்கும் அவரே ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மாவாட்டுவார்.

அந்த வைத்தியம் ஓரளவு வேலை செய்கிறது என்பதுதான் நமக்குச் சங்கடம். கரண்ட் பூமிக்குப் போக வழி தேடுகிறது, ரப்பர் மறிக்கிறது. அந்த மறிப்புக்குப் பெயர்தான் மின்தடை. ஆனால் மாவாட்டுகிற இடத்தில் தரையும் ஈரம், கையும் ஈரம். செருப்பு ஒரு நாள் நனையும். அவர் ஒடித்துப் போட்ட கால்தான் எர்த். உள்ளே வயர் பழுதாகி கிரைண்டரின் இரும்புக்குக் கரண்ட் வந்துவிட்டால், மனித உடம்பைவிடச் சுலபமான ஒரு பாதையை எர்த் அதற்குக் காட்டும். அந்தப் பாதையில் ஒரேயடியாகப் பாயும்போது ஃபியூஸ் உருகி, லைன் நின்றுவிடும். எர்த் இழுக்காமல் கிரைண்டரை ஓட்டித் தர முடியாது என்றேன். மாவு வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள், இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடு என்றார். முடியாது என்றேன். நான் பள்ளம் தோண்டிக் கம்பி இறக்கி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றார். கடைசியில் சொன்னார்: "சரி, எர்த்து போட்டுட்டீங்க. ஆனா செருப்ப மட்டும் கழட்டச் சொல்லாதீங்க."

டீக்கடைச் சூடு

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாலுவின் டீக்கடை. முதலில் ஒரு டியூப்லைட்டும் ஒரு ஃபேனும்தான். பிறகு பால் வைக்க ஃபிரிட்ஜ், பஃப்ஸ் சூடாக்க ஓவன், தண்ணீர் கொதிக்க ஹீட்டர் என்று எல்லாம் அதே பழைய வயரில் தொங்கின. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய கரண்டைத் தனித்தனியாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமப்பது ஒரே வயர். நான் போட்ட ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அவருக்குக் கோபம். யாரையோ கூப்பிட்டு அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டார்.

உருகிப் போவதற்காகவே வைக்கிற மெல்லிய கம்பி அது என்றேன். அது போகவில்லை என்றால் அதற்குப் பதில் வேறொன்று போகும், இங்கே வயரும் கூரையும்தான் மிச்சம் இருக்கின்றன என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய கையைப் பிடித்து, சுவரில் ஓடும் வயர் பைப்பின் மேல் வைத்தேன். பைப் நன்றாகச் சுட்டது. புது வயர் இழுக்காமல் இனி இந்தக் கடையில் ஒரு பல்பைக்கூட மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்தேன். அவர் கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். "டீக்கடைன்னா சூடாத்தான் இருக்கும். ஐஸ் கடையா வெச்சிக்கினு இருக்கறேன்?"

அந்தோணிக்கு வந்த யோகம்

நான் விட்டுவந்த வேலைகள் வானூர் அந்தோணியிடம் போகும். என்னைவிடச் சின்னவர், கெட்டிக்காரர், யாரிடமும் முடியாது என்று சொல்லாதவர். ஒரு வீட்டில் வராந்தாவுக்கு இரண்டு பல்பு போடும்போது, வயர் போதவில்லை என்று ஒன்றைத் தாண்டித்தான் மற்றதற்குக் கரண்ட் போகிற மாதிரி இணைத்துவிட்டார். இரண்டும் வரும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாக எரிந்தன. நான் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு அந்த மங்கல் ரொம்பப் பிடித்துவிட்டதாம், பூஜை அறை மாதிரி இருக்கிறது என்றார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் மாதிரி நானும் இருந்து தொலைத்தால் என்ன என்றும் அன்றைக்குத் தோன்றியது. அந்தோணி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "நீங்க இப்பிடியே முடியாதுன்னு சொல்லிக்கினு இருங்கண்ணே. உங்க புண்ணியத்துல என் பொழப்பு ஓடுது."

கொஞ்சூண்டு கரண்ட்

வாணியை மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி ஏழுமலை நல்ல உழைப்பாளி. இந்தப் பருவத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் வந்து பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போயின. வளைகாப்புக்கு நாள் பார்க்கப் போன என்னை நேராகக் கொல்லைக்கு, அந்த மல்லாட்டை நிலத்துக்கு, அழைத்துப் போனார். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு லைன் எடுத்து வேலிக் கம்பிக்குக் கொடுக்க வேண்டும், வீட்டு மனிதர் நீங்கள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார். பன்றி சாக வேண்டாமாம், பயந்து ஓடினால் போதுமாம். குழாயைத் திருகி வைப்பது போலக் கொஞ்சமாக விட்டால் போதும் என்றார்.

அதுதான் முடியாது என்று சொன்னேன். நான் கொடுக்கக்கூடியது வோல்டேஜ், அதாவது தள்ளுகிற அழுத்தம் மட்டும்தான். எவ்வளவு கரண்ட் பாயும் என்பதைத் தொடுகிற உடம்பு முடிவு செய்கிறது. காய்ந்த காலானால் குறைவு, நனைந்த காலானால் அதிகம். நீங்கள் தண்ணீர் பாய்ச்சிய கொல்லையில் காய்ந்த காலோடு யார் நடக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். சட்டப்படியும் தப்பு என்றேன். அவர் கம்பத்துக்கு மேலே கையைக் காட்டினார். அவ்வளவு கரண்டிலும் காக்கா உட்கார்ந்துதானே இருக்கிறது என்றார். காக்கா ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, அதன் கால் பூமியில் இல்லை, கரண்ட் அதன் வழியாகப் போய்ச் சேர இடமில்லை. பன்றியும் நாமும் தரையில் நிற்கிறோம் என்றேன். அதற்குமேல் அவர் மின்சாரம் பேசவில்லை. "சம்பந்தின்னு ஒரு வேலை சொன்னேன். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் செய்யறீங்க, எனக்கு மட்டும் முடியாதா?"

மஞ்சள் பையில் மூன்று

இரண்டு நாள் கழித்து அந்தோணி போன் செய்தார். ஏழுமலை அவரைக் கூப்பிட்டிருக்கிறார். வேலிக்குக் கரண்ட் என்றதும் அந்தோணியே முடியாது என்றுவிட்டார். சம்பந்தி அதற்குள் கம்பியைக் கட்டி முடித்துவிட்டார், லைனையும் தானே மாட்டிக்கொள்கிறேன் என்கிறார் என்றார். எனக்குக் கண்முன் வந்தது வாணிதான். வயிற்றுப் பிள்ளைக்காரி, நாளும் மத்தியானம் அந்தக் கொல்லைக்குச் சோறு எடுத்துப் போகிறவள். மின்வாரியத்துக்குச் சொல்லலாம், சொன்னால் மகளின் மாமனாரைப் போலீஸ் தேடிவரும். சொல்லாமல் இருக்கவும் முடியாது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டார்ட்டரிலிருந்து வேலிக்கு ஒரு வயர் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை கொல்லையில் வேலை செய்த ஆட்களோடு வேகமாக வந்தார். பையைத் திறந்து காட்டினேன். ஃபியூஸ் என் கையில் இருக்கிறது, இப்போது வேலியில் ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது, வேண்டுமானால் கம்பியைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். அவர் தொடவில்லை. கை பாதிவரை போய், வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டது. செத்த கம்பியையே தொட மாட்டேன் என்கிறீர்கள், உயிருள்ளதைப் பிள்ளைத்தாய்ச்சி நடக்கிற வழியில் கட்டப் பார்க்கிறீர்களே என்றேன். அவருடைய ஆட்களுக்கு எதிரில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். முகம் கறுத்துவிட்டது. "வளைகாப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. பிரசவத்த எங்க வீட்டுலயே பாத்துக்கறோம். நீங்க ஃபியூஸ வெச்சிக்கினு சந்தோஷமா இருங்க."

செத்த கம்பி

அதன்பிறகு வீட்டில் என் மனைவி என்னோடு பேசவில்லை. ஃபியூஸ் கட்டைகள் சாமி அலமாரிக்குக் கீழே இருந்தன. மோட்டாரை நிறுத்தி ஒருவருடைய பயிரைக் காய வைக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். ஆனால் அதே மாதிரிக் கட்டை திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை. அவர் ஏன் வாங்கி மாட்டவில்லை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பயிருக்குப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சிக்கொண்டாராம். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. வேலியிலிருந்து கம்பி இறங்காமல் கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வாணி போன் செய்தாள். அம்மாவைக் கூப்பிடாமல் என்னோடுதான் பேச வேண்டும் என்றாள். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, மாமா வேலியில இருக்கற கம்பிய அவுத்து சுருட்டிக்கினு கீறாரு. ஃபியூஸ் விழுப்புரத்துல நம்ம வீட்டுல கீது. இவரு கால்ல ரப்பர் செருப்பு, கையில ரெண்டு சுத்து காஞ்ச துண்டு."

தட்டில் வைத்தது

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, அவர் தோளில் கம்பிச் சுருள். என் மனைவி அவசரமாக நாற்காலியைத் துடைத்தாள். அவர் உட்காராமல் சுருளை என் காலடியில் இறக்கி வைத்தார். பன்றிக்கு வேலி நெடுகப் பழைய புடவைகளைக் கட்டியிருக்கிறாராம், காற்றில் ஆடுவதைப் பார்த்து பன்றிகள் வருவது ஓரளவு குறைந்திருக்கிறதாம், இன்னும் புடவை இருந்தால் கொடுங்கள் என்றார். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "இது எங்க வீட்ல இருந்தா எனக்குக் கை அரிக்கும், நீங்களே வெச்சிக்குங்க. புதன்கிழமை வந்து வளையல் போட்டுட்டுப் பொண்ணக் கூட்டிக்கினு போங்க. வரும்போது என் ஃபியூஸ எடுத்துக்கினு வாங்க."

புதன்கிழமை வளையல், பூ, பழம், கலவைச் சாதம், என் மனைவியின் பழைய புடவை மூட்டை எல்லாவற்றோடும் ஒரு தட்டில் மூன்று ஃபியூஸ் கட்டைகளும் போயின. அந்த மோட்டாருக்கு எது சரியோ அந்த அளவில் புதுக் கம்பி கட்டியிருந்தேன். வாணிக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது சம்பந்தி ஒரு கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்: "இன்னா சம்பந்தி, இவ்ளோ மெல்லிசா கீது? இன்னும் கொஞ்சம் தடிசா போட முடியாதா?"

அந்தக் கம்பிச் சுருள் இப்போது எங்கள் பரணில் கிடக்கிறது; பேரனின் துணிகளை மாடியில் காயப்போட அதைக் கொடியாகக் கட்டித் தரச் சொல்லி என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நானும் அந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே இருக்கிறேன்.