மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும். "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, பொண்ணு மட்டும் போதும்" என்று சம்பந்தியம்மா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லிவிட்டு, கேசரியில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான், "பெரியவனுக்கு அவங்க மாமியார் வீட்ல வைர மோதிரம் போட்டாங்க. சின்னவன் மனசுல அது இருக்கும் பாருங்க. சின்னதா இருந்தாலும் போதும், சும்மா பேருக்கு" என்றார். சின்னவனைப் பார்த்தேன். தட்டிலிருந்த பஜ்ஜியைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நானும் வீட்டுக்காரரும் உடனே தலையாட்டினோம். காரணம் இருந்தது. என் பெண்ணுக்கு மூல நட்சத்திரம். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி நாலு வீட்டுக்காரர்கள் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டவர். எங்கள் வாசலில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "உயிர் விஷயம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அசோக் நகர் சம்பந்தி மட்டும்தான், "நட்சத்திரம் வானத்துல இருக்கு, நான் அசோக் நகர்ல இருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் எந்தத் தகராறும் இல்ல" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வைரம் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. விலை தெரியாதபோது மனது தாராளமாகத்தான் இருக்கும்.

நான் எட்டாவது வரை படித்தவள். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸில் அட்டெண்டர். எங்களால் முடிந்தது நாற்பதாயிரம். கபாலீஸ்வரரிடம் சொல்லிவிட்டு, தி.நகரில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். உள்ளே மார்கழி மாதம் மாதிரி குளிர். கோட்டு போட்ட பெண் ஒருத்தி எங்களை உட்காரவைத்து, "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்றாள். "நாப்பது" என்றார் இவர், கம்பீரமாக. "லட்சமா சார்?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். "ஆயிரம்" என்றேன். எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த பாதாம்பால் தட்டு, பாதி வழியில் வேறு மேஜைக்குத் திரும்பிவிட்டது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக் கடைக்குப் போனோம். ஒரே அறை, ஒரு மேஜை விளக்கு, கடைக்காரர் ஒருத்தர். அவர் பொறுமையாக விளக்கினார். வைரத்தில் வெட்டு, நிறம், சுத்தம், எடை என்று நாலு விஷயம் பார்க்க வேண்டுமாம்.

"உங்க பணத்துக்கு நாலும் அமையாதும்மா. எடை வேணும்னா சுத்தத்தை விட்டுக்குடுங்க. சுத்தம் வேணும்னா எடையை விட்டுக்குடுங்க."

"மாப்பிள்ளை பாக்கற மாதிரியே கீதே" என்றார் வீட்டுக்காரர்.

மெஷினில் வளர்த்த வைரமும் கடைக்காரர் காட்டினார். விலை கால்வாசி, மினுமினுப்பு முழுசு. இவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. "இன்னாமே, இதுவும் வைரம்தானாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். யாரைத் தினமும் காலையில் விழுந்து கும்பிடுகிறேனோ, அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் கொடுத்தால் சம்பந்தியம்மா ஏற்கமாட்டார், சொல்லாமல் கொடுத்தால் அது பொய். வேண்டாம் என்றேன்.

கடைக்காரர் பூமியிலிருந்து எடுத்த கல்லாக ஒன்றை இடுக்கியில் எடுத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். முப்பது வருஷமாக ஊசியில் நூல் கோக்கிற கண் இது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "ஐயோ, கரும்புள்ளி!" என்றேன்.

"கோடி வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த கல்லும்மா. ஒரு மச்சம் கூடவா இருக்கக் கூடாது?"

மச்சமோ புள்ளியோ, எங்கள் பிறந்த வீட்டில் வைரத்தைச் சும்மா வாங்கிவிடமாட்டார்கள். வைரம் சிலரைத் தூக்கிவிடும், சிலரைக் கவிழ்த்துவிடும். அதனால் கல்லைக் கொண்டுவந்து மூன்று நாள் பூஜை அறையில் வைப்பார்கள். அந்த மூன்று நாளில் வீட்டில் கெட்டது ஏதாவது நடந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கடைக்காரருக்கும் இந்த வழக்கம் தெரிந்திருந்தது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கல்லைச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். பார்ப்பதற்குக் கோவில் விபூதிப் பொட்டலம் மாதிரியே இருந்தது. அன்று சாயங்காலமே இவர் குளித்துவிட்டு வந்து அதைப் பிரித்து நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டார். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் மிக்ஸி புகைந்து நின்றது. பன்னிரண்டு வருஷத்து மிக்ஸி. அதற்கு முன்பே நாலு தடவை நின்றிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் வீட்டில் வைரம் இல்லையே! கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு கல் வந்தது. அது வந்த மறுநாள், ஒரு வாடிக்கையாளருடைய பட்டு ஜாக்கெட்டில் கையைத் தப்பாக வெட்டிவிட்டேன். இதற்கு முன் தப்பாக வெட்டியதே இல்லையா என்று கேட்டால், வெட்டியிருக்கிறேன். அதெல்லாம் என் தப்பு. இது கல்லின் தப்பு. அதையும் திருப்பினேன்.

"ஏம்மா, கல்லால உங்க வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றீங்க. உங்க வீட்டால கல்லுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார் கடைக்காரர். ஆனாலும் மூன்றாவது கல்லை எடுத்துக் கொடுத்தார். பதினைந்து சென்ட். அது காரட்டில் பதினைந்து சதவீதம் என்று விளக்கினார், இவர் நிலத்துச் சென்ட் என்று நினைத்துவிடக் கூடாதே என்று. வேகாத ஜவ்வரிசி அளவு. ஆனால் லென்ஸில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு புள்ளி இல்லை. மூன்று நாள் வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வேறு வேகமாக வந்தது. இதைவிட ஒரு சென்னைவாசிக்கு என்ன சகுனம் வேண்டும்? மோதிரம் செய்யக் கொடுத்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் மோதிரத்தைக் காட்ட அசோக் நகர் போனோம். சம்பந்தியம்மா டப்பியைத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், "எங்க இருக்கு?" என்றார். கல்லைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. மூணு நாள் எங்க வீட்ல வெச்சுப் பாத்துடறோங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வைரம் பாருங்க. அதோட மூலம் வேற."

"அதெல்லாம் பாக்கமாட்டோம்னு ஐயா சொன்னாரே?" என்றேன்.

"அவர்தானே சொன்னாரு? நானா சொன்னேன்?"

சம்பந்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏய், விடேன்" என்றார். சம்பந்தியம்மா விடவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வதாக இருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? மிக்ஸிக்காக ஒரு கல்லைத் திருப்பிய வாய் ஆயிற்றே.

என் பெண் அடையாறில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ம்மா, அவங்க கல்லை வெச்சுப் பாக்கலம்மா. என்னை வெச்சுப் பாக்கறாங்க. நாளைக்கு அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ் நின்னா கல்லைத் திருப்பிக் குடுப்பாங்களா, என்னைத் திருப்பிக் குடுப்பாங்களா?"

"அப்படியெல்லாம் பேசாதடி."

"நீ திருப்பிக் குடுத்த கல்லெல்லாம் என்ன தப்பு பண்ணுச்சு?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பாலே வைக்கவில்லை.

அந்த மூன்று நாளும் நான் என் வீட்டுக்காக ஒரு வேண்டுதலும் வைக்கவில்லை. அசோக் நகரில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்கும், தண்ணி மோட்டாருக்கும், கேஸ் அடுப்புக்கும், மாடிப்படிக்கும் வேண்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பந்திக்கு. அவர் தும்மினாலும் என் பெண் தலையில்தான் விழும். அவர் பேரில் அர்ச்சனை செய்யலாம் என்று போனேன். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரமே பார்க்காத மனுஷர், அதை என்னிடம் எப்போது சொன்னார்? "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று தட்டை நீட்டினேன். இவர் ஒரு படி மேலே போய், போனையே சைலண்டில் போட்டுவிட்டார். மணி அடிக்காவிட்டால் கெட்ட சேதியும் வராது என்பது இவர் கணக்கு.

நாலாம் நாள் காலையில் சம்பந்தியம்மாவே எனக்குப் போன் செய்தார். "ஒரு குறையும் இல்லீங்க. கரண்ட்கூடப் போகல. ராசியான கல்லு. பொண்ணும் அப்படித்தான் இருப்பா" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் பெண் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நிச்சயதார்த்தம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. சித்திரை வெயில். ஏசி இருக்கிறது என்று சொல்லித்தான் வாடகை வாங்கினார்கள், இருந்தது, ஓடவில்லை. ஆண்களெல்லாம் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்திருக்கும். என் பிழைப்பே கைகளை அளப்பது. சட்டையின் வலது கை தளர்வாக விழுந்தது. இடது கை முழங்கைக்கிட்டே பிடித்தது. உள்ளே தடிமனாக ஏதோ சுற்றியிருந்தது. வடை தட்டை அவர் முன்னால் வைக்கும்போது என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கவனித்துவிட்டார். மணமேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சம்பந்தியம்மா அங்கே யாருக்கோ ராசியான கல்லைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"கண்டுக்காதீங்க சம்பந்தியம்மா" என்றார் என்னிடம், மெதுவாக.

"எப்போங்க?" என்றேன்.

"ரெண்டாம் நாளு. பாத்ரூம்ல. சோப்பை நான்தான் கீழ போட்டேன், நான்தான் மிதிச்சேன். வேற யாருக்கும் அதுல பங்கில்ல." வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "அவளுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே வழுக்க வெச்சுடுவா. டாக்டர்கிட்ட நானும் சின்னவனும்தான் போனோம். ரெண்டு தையல். அவ்ளோதான்."

மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். என் பெண் மோதிரத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் கல் கண்ணுக்கே தெரியவில்லை. என்ன வேண்டிக்கொள்வது, யாரைக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா பக்கம் திரும்பியிருந்த டேபிள் ஃபேனைச் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் நகர்த்தி, சம்பந்தியின் இடது கைக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.