முப்பது ராத்தலுக்கு மேல் வேண்டாம்

என் கைகளைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அறுபதுகளின் பின்பாதியில், இலங்கையின் நமுனுகுல மலையை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என்னைப்போல வேகமாகக் கொழுந்து எடுக்க இன்னொருத்தி இல்லை. இதைச் சொல்ல அன்றைக்கு இருந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கைகளால்தான் ஒருமுறை நாற்பது பெண்களின் வயிற்றில் அடித்தேன். அதைச் சரிக்கட்ட வழி கண்டுபிடித்ததும் நான்தான்.

எண்பதுகளில் பதுளையில் கணக்கு டீச்சராக இருந்த என் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இதுக்குப் பேரு விளையாட்டுக் கோட்பாடு. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் உக்காந்து படிக்கிறாங்க."

நாம் எடுக்கிற முடிவின் பலன், எதிரே இருப்பவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பதையும் பொறுத்து இருந்தால், அதெல்லாம் இந்தப் படிப்பில் சேருமாம். தாளில் கட்டம் போட்டு, தனித்தனி அறையில் அடைத்து வைத்த இரண்டு திருடர்களைப் பற்றிச் சொன்னாள். ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். "ரெண்டு திருடனுக்கே இவ்வளவு யோசனையாடி? எனக்கு நாப்பது பொம்பளைங்க" என்றேன்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பதுளைக் கடைவீதியில் சேலை எடுக்கப் போனால், துணிக்கடை முதலாளி நாநா முதலில் கேட்பது, "எத்தன மணி பஸ்ஸுக்குப் போகணும், புள்ள?" என்றுதான். மற்றவர்கள் வெள்ளந்தியாக மணியைச் சொல்லிவிடுவார்கள். பிறகு அவர் விலையில் ஒரு சல்லி இறங்கமாட்டார். பஸ் நேரம் நெருங்க நெருங்க அவர்களே ஏறி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நானோ, "இன்னைக்கு டவுன்லதான் தங்கல், ஆற அமரப் பாக்குறேன்" என்று சொல்லி, இருக்கிற சேலையை எல்லாம் பிரிக்க வைப்பேன். அவர் வியர்த்துப்போவார். அந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் அதையும் மீறி வாழ்க்கையில் ஒருமுறை மண்ணைக் கவ்வினேன்.

ஒரு நாளைக்கு, ஏறத்தாழ பதினாலு கிலோ வருகிற முப்பது ராத்தல் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். முப்பதுக்கு மேலே எடுப்பதற்குக் கொஞ்சம் சேர்த்துக் கிடைக்கும். தோட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று ஒருநாள் கங்காணி சொன்னார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் எடுத்தேன். சாயந்தரம் கணக்கப்பிள்ளை சத்தமாக "அம்பத்தெட்டு" என்றார். வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். தோட்டத்தை நடத்துகிற எங்கள் தொரை என் பக்கம் கையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சொன்னார்: "இனிமே முப்பத்தாறு எடுத்தாத்தான் பேரு. அம்பத்தெட்டு எடுக்குற புள்ள நிக்கிற மலையில முப்பத்தாறு ஒரு பெருசா?" கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒரு மாதத்தில் மூன்று அரைப்பேர் விழுந்தால் அந்த ஆளின் பெயரையே செக்ரோல் பதிவேட்டிலிருந்து வெட்டிவிடுவார்களாம்.

நாற்பது பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தி என் குடத்தைக் காலால் நகர்த்தி வைத்தாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசியது என் அத்தை மட்டும்தான். அப்பாவின் அக்கா. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் தனியாக இருந்தாள். விரல்கள் கோணிப்போயிருந்தன. முப்பது ராத்தலையே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பாள். முப்பத்தாறு அவளுக்கு எட்டாது. தோட்டத்தில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் காம்பிரா. அவள் பெயர் போனால் அந்த ஒற்றை அறையும் போய்விடும். முதல் நாளே அவளுக்கு ஒரு அரைப்பேர் விழுந்தது; அதற்குப் பிறகு காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கே வராமல் நாளைக் கடத்தினாள்.

தொழிற்சங்கத் தலைவர் கடுதாசி எழுதுவதாகச் சொன்னார். கடுதாசி போய்ப் பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். அதனால் நானே வெட்கத்தை விட்டு லயம் லயமாகப் போய்ப் பேசினேன். நாற்பது பேரும் முப்பதோடு நிறுத்திக்கொண்டால், நாற்பது பேரையும் சோம்பேறி என்று தொரையால் சொல்ல முடியாது. எல்லாரும் சரி என்றார்கள். மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியமும் செய்தோம். அன்று சாயந்தரமே சத்தியம் காற்றில் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் நாற்பது ராத்தல் வரை போட்டிருந்தார்கள். கேட்டால் ஆளுக்கு ஒரே பதில்தான்: "மத்தவளுங்க எப்படியும் எடுத்திருப்பாளுங்கன்னு நெனச்சேன், நான் மட்டும் ஏன் ஏமாறணும்?" சத்தியத்தை நம்பி வேலைக்கு வந்த அத்தைக்கு இரண்டாவது அரைப்பேர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர்களைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் தேயிலை நிரையில் நின்று எடுத்துக்கொண்டே யோசித்தபோது தப்பு அவர்களிடம் இல்லை என்று பட்டது. கொழுந்து மடுவம் என்கிற கொட்டகையில் எடை பார்க்கிற வரிசையில்தான் இருந்தது. எங்கள் மலையில் ஒரு வழக்கம். மெதுவாக எடுக்கிறவர்கள் முதலில் இறங்கி வந்து தராசில் போட்டுவிட்டு, தண்ணீருக்கும் பிள்ளைகளைத் தூக்கவும் போய்விடுவார்கள். கைவேகம் உள்ளவர்கள் கூடை நிரம்பக் கடைசியில் வருவோம். கடைசியில் வருவது எங்களுக்கு ஒரு கௌரவம். காலையும் மத்தியானமும் போட்டதோடு சேர்த்து அன்றைய மொத்தத்தைக் கணக்கப்பிள்ளை அப்போதுதான் கூப்பிடுவார். எங்கள் மொத்தத்தைக் கேட்க அங்கே ஆள் இருக்காது. யாரும் கேட்காத இடத்தில் சத்தியத்தை மீற எவ்வளவு நேரம் ஆகும்?

வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேகக்காரிகள் முதலில், நான் எல்லாருக்கும் முன்னால். மெதுவான கைகள் கடைசியில். கடைசி ஆள் போடும்வரை ஒருத்தியும் மடுவத்தை விட்டு நகரக் கூடாது. எவளுக்கு மீற ஆசை வருமோ, அவள் மற்ற எல்லார் காதிலும் விழும்படிதான் மீற வேண்டும். மீறினால் மறுநாள் ஒப்பந்தம் கிடையாது, எல்லாரும் வெறிபிடித்து எடுப்போம், தொரை நாற்பதாக்குவார், அவளுக்கும் மிச்சம் ஒன்றும் இருக்காது. கடைசியில் நிற்கிறவர்களால் நினைத்தாலும் ஏமாற்ற முடியாது. அவர்களுக்குத்தான் முப்பத்தாறு வராதே. இதை அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். என் குடத்தை நகர்த்தியவள், "சரி, நீ முன்னால போ. நீ முப்பது போட்டா நானும் முப்பது" என்றாள். நேரமும் எங்கள் பக்கம் இருந்தது. மழை விட்டு வெயில் அடித்ததில் மலை முழுக்கக் கொழுந்து தளதளவென்று நின்றது. நாலு நாள் விட்டால் முற்றிப்போகும்.

குறித்த நாள் காலையில் மலை ஏறும்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை கண்ணில் பட்டது. தொரை மசியாமல் எல்லாருக்கும் அரைப்பேர் போட்டால், மற்றவர்களுக்கு அது முதலாவதோ இரண்டாவதோதான், தாங்குவார்கள். அத்தைக்கு அது மூன்றாவது. யாருக்காக இதைத் தொடங்கினேனோ அவளைத்தான் முதலில் தெருவில் விடப்போகிறேன். மனசு கேட்கவில்லை. அத்தை கடைசியாகத்தானே போடுவாள், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அவள் ஒருத்தி முப்பத்தாறு போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு, அவள் நிரைக்குப் பக்கத்தில் போய், என் கூடையிலிருந்து ஆறேழு ராத்தல் கொழுந்தை அவள் கூடையில் அள்ளிப் போட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சாயந்தரம் மடுவத்தில் நான் முதலில் நின்றேன். கணக்கப்பிள்ளைக்கு ஆச்சரியம். "என்னா, இன்னைக்கு நீ முன்னால?" என்றார். தராசைப் பார்த்தார், கணக்குக் கூட்டினார், "முப்பது" என்றார். அடுத்தவளும் முப்பது. என் குடத்தை நகர்த்தியவள் முப்பது. பத்து முப்பது தொடர்ந்து விழுந்ததும் அவர் ஆள் அனுப்பித் தொரையைக் கூப்பிட்டார். தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்னா பொம்பளே? அம்பத்தெட்டு எடுக்குற கைக்கு என்னா வந்துச்சு?"

"கை வலிக்குதுங்க தொரை."

"உனக்கு?" என்று அடுத்தவளைக் கேட்டார்.

"எனக்கும் கைதாங்க தொரை."

எத்தனை பேரைக் கேட்டாலும் கைவலிதான். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தொரை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ கெட்டிக்காரி. நல்லா எடுக்குற ஆளுங்கள உனக்குக் கீழ வெச்சு வேற மலை குடுக்குறேன். நீதான் பாத்துக்கணும்" என்றார். அந்தக் காலத்தில் பெண்ணுக்குக் கங்காணி வேலை கொடுப்பதாக யார் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு நொடி எனக்கு நப்பாசை தட்டியது, மறைப்பானேன். ஆனால் என் பின்னால் நாற்பது பேரின் காது இருந்தது.

"ரொம்பப் பெரிய மனசுங்க தொரை. ஆனா கை நாளைக்கும் வலிக்கும்போல இருக்குங்க. கொழுந்துதான் நமக்காகக் காத்திருக்காது" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் முகம் சிவந்துவிட்டது. வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "பாக்குறேன். இதுல ஒரே ஒருத்தி முப்பத்தாறு போட்டாலும் போதும். மத்தவங்க எல்லாம் வேணும்னே கள்ள வேலை செய்யிறீங்கன்னு அர்த்தம். அத்தனை பேருக்கும் அரைப்பேருதான்!"

அந்த ஒரே ஒருத்தியை நானே தயார் செய்து வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறேன். கொழும்பு ஆட்களுக்கு முன்னால் செய்த அதே முட்டாள்தனத்தை இந்த முறை பாசத்தால் செய்திருக்கிறேன். தொரை எனக்கு முன்னாலேயே நிற்கிறார். அத்தையிடம் ஓடவும் முடியாது, கண்ணைக் காட்டவும் முடியாது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. முப்பது, முப்பது, இருபத்தொன்பதரை, முப்பது. கடைசியாக அத்தை கூடையை இறக்கினாள். கணக்கப்பிள்ளை தராசை இரண்டு முறை பார்த்தார்.

"பத்து ராத்தல். காலையும் மத்தியானமும் இருபது. மொத்தம் முப்பது."

தொரை யாரையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை, முதல்நாள் எல்லாருக்கும் முழுப்பேர் என்றும், இனிமேல் பழையபடி முப்பதுதான் என்றும் அவசர அவசரமாகப் படித்துவிட்டுச் செக்ரோலை மூடினார். பெண்கள் கூச்சல் போட்டதில் மலையே அதிர்ந்தது. என் குடத்தை நகர்த்தியவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இன்றுவரை குறையவில்லை.

மலை ஏறும் வழியில், முதல்நாள் அத்தை நின்ற நிரைக்குள், ஒரு தேயிலைச் செடியின் அடியில், வாடிய கொழுந்து குவிந்து கிடந்தது. நான் போட்ட அத்தனையும். தொரை வருவதற்கு வெகுநேரம் முன்னால், மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே அதைக் கொட்டியிருக்கிறாள்.

"ஏன் அத்தை கொட்டுனீங்க? தொரை எறங்கி வரலேன்னா உங்க பேரு போயிருக்குமே" என்றேன்.

அத்தை கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கோணக் கையி முப்பத்தாறு எடுத்துச்சுன்னா, அதுக்கப்புறம் எந்தப் பொம்பளைடி முடியாதுன்னு சொல்ல முடியும்? எங்காம்பிரா போனா உங்காம்பிராவுல வந்து படுத்துக்குவேன். நாப்பது பேருக்கும் போச்சுன்னா நாம எல்லாம் எங்கடி போறது?"