பிரிக்காத இரண்டு கவர்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆங்கிலத்தில் அச்சடித்த கவர் எது வந்தாலும் பயம்தான். திண்டிவனத்தில் என் தையல் கடைக்கு ரிஜிஸ்டர் தபால் வந்த அன்று, மேலே 'அட்வகேட்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டினேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

ஐந்து நாள் முன்னால்தான் கடை ஓனர், எட்டே நாளில் காலி பண்ணு என்றிருந்தார். அவர் மருமகன் செல்போன் கடை வைக்கணுமாம். விழுப்புரத்து வக்கீலம்மாவிடம் ஓடினேன். "எட்டு நாள்ல யாரும் துரத்த முடியாது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பறேன், தைரியமா போங்க" என்றார். எங்கள் பட்டா பிரச்சினையின்போது அந்த வக்கீலம்மாவைக் கைகாட்டியதே இந்த ஓனர்தான்.

இந்தக் கவர் ஓனருடைய பதிலடி என்றே நினைத்தேன். பிரித்தால்தானே எனக்குத் தெரிந்ததாக ஆகும்? லைனிங் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். என் வீட்டுக்காரர், "ஏன், உள்ள பாம்பா படுத்துக்கினு இருக்குது?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார். மூன்றாம் நாள் தாங்காமல் கவரைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

பின் சீட்டில் யார் என்றால், ஓனர்.

"எங்கம்மா இவ்ளோ தூரம்?"

"முகையூர்ல ஒரு சாவுண்ணே" என்றேன், வாய்க்கு வந்தது. "நீங்க?"

"ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கணும்."

அப்புறம் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பியவர்கள்தான். கோர்ட் ஸ்டாப்பில் நான் இறங்க, அவரும் இறங்கினார்.

"சாவு இங்கியா?"

"கல்யாணம் இங்கியாண்ணே?"

முன்னும் பின்னுமாக நடந்தோம். ஒரே தெரு, ஒரே மாடிப்படி, ஒரே கதவு. வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தபோது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பிரிக்காத கவரை நீட்டிக்கொண்டு நின்றோம். "காப்பாத்துங்கம்மா" என்று சேர்ந்தே சொல்லிவிட்டோம்.

அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது நான் சாருக்கு அனுப்பின நோட்டீஸ். உங்களுக்கு வந்தது அதோட காப்பிம்மா. அதுல யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல."

ஓனர் விடவில்லை. "சரி, எனக்கு நீங்களே ஒரு பதில் எழுதிக் குடுங்க."

"இவங்களுக்கு வக்கீலா இருந்துக்கினு உங்களுக்கு எப்படி சார் எழுதுவேன்?"

"எனக்கு வேற வக்கீலே தெரியாதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. ஓனர் முறைத்துப் பார்த்தார், பிறகு அவர் தொப்பையும் குலுங்கத் தொடங்கியது. சிரித்து ஓய்ந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். "மாப்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன். கோர்ட்டுக்கு மட்டும் என்ன இழுக்காதம்மா. இந்த நாலு நாளா எனக்கு எறங்கின சோறு எனக்குத்தான் தெரியும்."

அதுவரை எங்களுக்குள் வாய்ப்பேச்சுதான், ஒரு காகிதம் கிடையாது. அன்றே பத்திரம் வாங்கி, எல்லாரும் போடுகிற மாதிரி பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போட்டோம். ஓனர் தமிழில் படித்துக்காட்டச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் அவர் பின் சீட்டுதான். ஒலக்கூரில் இருக்கும் தன் தங்கைக்கு ரவிக்கை தைக்கணும் என்று பேசிக்கொண்டு வந்தார். நான் ஒப்பந்தத்தை மடியில் பிடித்தபடி விரல்விட்டு எண்ணினேன். மெதுவாகத் திரும்பினேன்.

"அண்ணே, பன்னண்டாவது மாசம் என்னண்ணே ஆவும்?"

"மறுபடி பஸ் ஏறுவோம்" என்றார். "நீ சாவுக்கு, நான் கல்யாணத்துக்கு."